ஒரு வீட்டை மட்டும் எழுது

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். லனெட்டின் மடியில் ஒரு கூடையே இருந்தது. பச்சை நாடாவும் வெள்ளை நாடாவும் சுற்றிய பெரிய பிரம்புக் கூடை. உள்ளே பச்சைக் கரை வைத்த சட்டை, காபிக் குவளை, மக்னோலியாப் பூ வாசனை மெழுகுவர்த்தி, எல்லாவற்றுக்கும் மேலே பஞ்சில் பொதிந்து அவளுடைய கல்லூரி நாள் மாணவியர் சங்கப் பதக்கம். அதைப் பின் இருக்கையில் வைத்தால் என்ன என்று கணவன் ராய்ஸ் கேட்டுப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. கைக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது.

ராய்ஸ் விடியற்காலையில் எழுந்து கெளுத்தி மீன் குளங்களைச் சுற்றிவந்து, தண்ணீரில் காற்று போதுமா என்று பார்த்துவிட்டு, வேலையாளிடம் ஆயிரம் புத்தி சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்திருந்தான். ஆகஸ்ட் மாதத்து டெல்டா வெயிலில் ஒரு நாள் அசந்தால் குளத்து மீனெல்லாம் செத்து வெள்ளையாக மிதந்துவிடும். இருந்தும் மகளுக்காக வருகிறான். மகள் டின்ஸ்லி கல்லூரியில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. அதற்குள் மாணவியர் சங்கங்களின் சேர்க்கை வாரம் வந்து, முடியவும் போகிறது.

பெண்களே பெண்களைப் பெண் பார்க்கிற வாரம் அது. வளாகத்தின் நீண்ட தெருவில் வரிசையாகச் சங்க வீடுகள், அந்தந்தச் சங்கத்துப் பெண்கள் தங்கும் வீடுகள். புதிதாக வந்த பெண்கள் புதுச் சட்டையும் வேர்வையுமாக வீடு வீடாக ஏறி இறங்கிச் சிரித்துப் பேச வேண்டும். நாளுக்கு நாள் வீடுகள் சில பெண்களைக் கழிக்கும், பெண்களும் சில வீடுகளைக் கழிப்பார்கள். சனிக்கிழமை மிஞ்சுவது இரண்டு வீடு. எது முதல், எது இரண்டாவது என்று அன்று மாலை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் விளையாட்டரங்கில் உட்காரவைத்து ஆளுக்கொரு உறை தருவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பிரிப்பார்கள். பிறகு தங்களை எடுத்துக்கொண்ட வீட்டை நோக்கி ஓட்டம். அந்த ஓட்டத்தைப் பார்க்கத்தான் மூன்று மாநிலங்களிலிருந்து பெற்றோர் வந்து வெயிலில் நிற்கிறார்கள்.

"நம்ம குளத்து மீன்கூட இவ்ளோ யோசிச்சு வலையில ஏறாது" என்றான் ராய்ஸ்.

லனெட் சிரிக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் முட்டியில் ஒரு தட்டு தட்டியிருப்பாள். அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தான். வெள்ளைத் தூண் வைத்த வீட்டுக்கும் கூரைதான், மஞ்சள் வீட்டுக்கும் கூரைதான், பிள்ளை சிரித்தால் போதும் என்றான். அவன் ஒன்றும் அறியாதவன். அவனுக்கு எதுவும் சொல்லப்படவில்லை.

சொல்லாமல் வைத்திருந்தது இதுதான்.

சனிக்கிழமை காலை டின்ஸ்லி போன் செய்தாள். கடைசியாக மிஞ்சிய இரண்டில் ஒன்று மக்னோலியா வீடு. வாசலில் பெரிய மக்னோலியா மரமும் வெள்ளைத் தூண்களும் உள்ள, லனெட் இளமையில் இருந்த வீடு. மடியில் இருந்த கூடை அந்த வீட்டின் பச்சை வெள்ளை நிறத்தில் மகளுக்காகக் கட்டியது. அதைக் கேட்டதும் லனெட்டுக்குக் கண் நிறைந்துவிட்டது. மற்றது தெருக்கோடியில் இருந்த மஞ்சள் வீடு. லனெட்டின் காலத்தில் அதற்கு 'வடிகட்டி' என்று பெயர். மற்ற வீடுகளில் வடிந்தது அங்கே தங்கும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். லனெட்டும் சிரித்திருக்கிறாள், கொஞ்சம் அதிகமாகவே.

டின்ஸ்லிக்கு மஞ்சள் வீடு பிடித்திருந்தது. கெளுத்தி மீனுக்கு மீசை எதற்கு என்று அங்கே ஒருத்தி கேட்டாளாம். மீசையைப் பற்றியே பேசிப் பேசி வயிறு வலிக்கச் சிரித்தார்களாம். மக்னோலியா வீட்டில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டபோதும் அதே மீனைத்தான் சொன்னாள். "எவ்வளவு இனிமை" என்று சொல்லிவிட்டு அடுத்த பெண்ணிடம் திரும்பிக்கொண்டார்களாம்.

"மொதல்ல உன் வீட்டை எழுதறேம்மா. ரெண்டாவதா மஞ்சள் வீட்டை எழுதிக்கவா?"

"ஒரு வீட்டை மட்டும் எழுது" என்றாள் லனெட். "ரெண்டு எழுதினா மனசு அரைகுறைன்னு அர்த்தம். நீ எங்க வீட்டுப் பொண்ணு. அவங்க விட மாட்டாங்க."

தாய் இருந்த வீடு மகளைக் கைவிடாது என்பது பழைய நம்பிக்கை. ஒரு காலத்தில் உண்மையாகவும் இருந்தது. ஒரே வீட்டை எழுதி அந்த வீடும் எடுக்கவில்லை என்றால் பெண்ணுக்கு எந்த வீடும் இல்லை. அது லனெட்டுக்கும் தெரியும். மகள் "சரிம்மா" என்றாள்.

இத்தோடு போயிருந்தால் அறியாமல் செய்த பிழை என்று மனசை ஆற்றிக்கொள்ளலாம். ஆனால் மதியம் கோரின் அழைத்தாள். கோரின் பழைய தோழி. இப்போது மக்னோலியா வீட்டுப் பெண்களுக்கு ஆலோசனை சொல்கிற மூத்த உறுப்பினர்.

"நான் எதுவும் சொல்லக் கூடாதுடி, சொல்லவும் இல்ல. ஆனா இந்த வருஷம் நம்ம பழைய ஆளுங்களோட பொண்ணுங்களே வீடு கொள்ளாத அளவுக்கு வந்திருக்காங்க. என் பொண்ணா இருந்தா ரெண்டையும் எழுதச் சொல்லுவேன்."

டின்ஸ்லியின் கையில் அப்போது போன் இருந்தது. மாலை விருந்துக்குப் போகும்போதுதான் போன்களை வாங்கி வைப்பார்கள். நேரம் தாராளமாக இருந்தது. லனெட் போனை எடுத்தாள். மகளுடைய பெயரில் விரலை வைத்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெள்ளி துடைக்கிற பசையை எடுத்துப் பதக்கத்தைத் துடைக்க உட்கார்ந்தாள். இரண்டையும் எழுதினால் பிள்ளை மஞ்சள் வீட்டுக்குப் போய்விடுவாள். மக்னோலியா மரத்தடியில் பழைய உறுப்பினர்களான தாய்மார்கள் வரிசையாக நின்று, ஓடிவரும் மகள்களை அணைத்துக்கொள்கிற படத்தில் லனெட் இருக்க மாட்டாள். 'மஞ்சள் வீட்டுக்குப் போவதற்கு எங்கேயும் போகாமலே இருக்கலாம்' என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்தது தன் மனசுதான் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பதக்கம் பளபளவென்று வந்தது.

இன்று காலை டின்ஸ்லியிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. "இங்க வெயில் ஜாஸ்தி. அப்பாவும் நீயும் தொப்பி போட்டுக்கங்க." அதற்கப்புறம் லனெட் அழைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள், யாரும் எடுக்கவில்லை. போனை வாங்கி வைத்திருப்பார்கள் என்று ராய்ஸ் சமாதானம் சொன்னான். இருக்கலாம். ஆனால் எந்த வீடும் எடுக்காத பெண்ணுக்குக் காலையிலேயே ஒரு அழைப்பு வரும், நீ அரங்குக்கு வர வேண்டாம் என்று நாசூக்காகச் சொல்லிவிடுவார்கள் என்பதும் லனெட்டுக்குத் தெரியும். அவள் படித்த காலத்தில் விடுதியில் எதிர் அறைப் பெண்ணுக்கு அப்படி ஒரு அழைப்பு வந்தது. மாலைக்குள் அவளுடைய அப்பா வந்து மெத்தை உறையைக்கூட உருவி எடுத்துக்கொண்டு கூட்டிப் போய்விட்டார். அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று வழியெல்லாம் யோசித்தும் லனெட்டுக்கு ஞாபகம் வரவில்லை.

பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் ராய்ஸ் அவித்த வேர்க்கடலை ஒரு பை வாங்கி வந்தான். சூடான உப்புத் தண்ணீர் பையின் அடியில் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு கடலையை உரித்து அவளிடம் நீட்டினான். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"ராய்ஸ்."

"ம்?"

"கூடை மேல தண்ணி சொட்டுது."

அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தன் கைக்குட்டையால் நாடாவைத் துடைத்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரிதான், ஆனால் குறுகுறுக்கிற நெஞ்சு வாயைத் திறக்கும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

சங்க வீட்டுத் தெருவில் திருவிழாக் கூட்டம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்தந்த நிறத்தில் பலூன் வளைவுகள். பாட்டு காதைக் கிழித்தது. ராய்ஸ் நிழலாகப் பார்த்து நிற்பதாகச் சொல்லிவிட்டுத் தெருவோடு நடந்து போனான். லனெட் மக்னோலியா மரத்தடிக்குப் போய்த் தாய்மார் வரிசையில் நின்றாள். எல்லோரும் வெள்ளை உடை, எல்லோர் கையிலும் கூடை. உறை பிரிகிற வரைக்கும் எந்தப் பெண் எங்கே என்று தாய்களுக்குச் சொல்லக் கூடாது என்பது விதி. ஆகவே எல்லோருமே பெருமையாகவும் கொஞ்சம் வெளிறியும் நின்றார்கள். பக்கத்தில் நின்றவள் லனெட்டின் கூடையைப் பார்த்து, நாடா முடிச்சு அவளே போட்டதா என்று விசாரித்தாள். ஆமாம் என்று லனெட் சொன்னாள். அவளுக்கே தன் குரல் எங்கோ இருந்து வருவதுபோல இருந்தது.

வீட்டுக்குள்ளிருந்து கோரின் வந்தாள். வந்தவள் நேராக லனெட்டின் முழங்கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள்.

"நான் சொன்னதைப் பொண்ணுகிட்ட சொன்னியாடி?"

"சொன்னேன்" என்றாள் லனெட்.

கோரினின் தோள் இரண்டும் இறங்கின. பெருமூச்சு விட்டாள். "நல்ல வேளை. நேத்துலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல" என்று லனெட்டின் கன்னத்தைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பெருமூச்சிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. டின்ஸ்லி இந்த வீட்டுக்கு ஓடிவரப் போவதில்லை. ஒரே வீட்டை எழுதியிருக்கிறாள், அந்த வீடும் அவளை எடுக்கவில்லை. அதனால்தான் போனை எடுக்கவில்லை. தொப்பி போட்டுக்கொள் என்று எழுதின கொஞ்ச நேரத்தில் அந்த அழைப்பு வந்திருக்கும். விடுதி அறையில் தனியாகக் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். அம்மா சொன்னபடி செய்த பிள்ளை. பிள்ளையை நானே கொன்றுவிட்டேன் என்று லனெட் நினைத்தாள்.

அதற்குள் அரங்கின் பக்கமிருந்து கூச்சல் கிளம்பித் தெருவையே நிறைத்தது. பெண்கள் உறையை உயர்த்திப் பிடித்தபடி ஓடிவந்தார்கள். மரத்தடியில் ஒரு தாய் வீறிட்டாள், இன்னொருத்தி செருப்பை உதறிவிட்டு எதிரே ஓடினாள். பக்கத்தில் நின்றவளின் மேல் அவள் மகள் வந்து மோதிய வேகத்தில் கூடை கவிழ்ந்தது, இருவரும் புல்லில் உட்கார்ந்து அழுதார்கள். வரிசை கரைந்துகொண்டே வந்து கடைசியில் லனெட் ஒருத்தி நின்றாள். படமெடுக்கிற பெண் அவளைப் பார்த்தாள், பிறகு நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்படித் தனியாக நிற்கிற நிலை தனக்கு வரக்கூடாது என்றுதானே அவள் நேற்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கூடையோடு தெருவில் இறங்கி விடுதி இருக்கும் திசையில் நடந்தாள். ஓடிவருகிற பெண்கள் அவள் மேல் இடித்துவிட்டு "சாரி மேடம்" என்று சொல்லிக்கொண்டு ஓடினார்கள். ஒரு வீட்டுக்கு இளஞ்சிவப்பு, அடுத்த வீட்டுக்கு நீலம். எதையும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டு போனாள். முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும். இல்லை, முதலில் கட்டிக்கொள்ள வேண்டும். மெத்தை உறையை உருவி வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவோமா என்றுகூட நினைத்தாள்.

தெருக்கோடியில் ராய்ஸ் நின்றான். கடலைப் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, கண்ணைத் துடைக்காமல் அழுதுகொண்டிருந்தான்.

"எங்க போயிட்ட நீ? அங்க பாரு" என்றான்.

மஞ்சள் வீட்டு வாசலில் ஒரு பெரிய கும்பல் குதித்துக்கொண்டிருந்தது. நடுவில் இரண்டு பெண்களின் தோளில் டின்ஸ்லி. மஞ்சள் சட்டை, கலைந்த தலை, மூக்குக்குக் கீழே யாரோ மஞ்சள் சாயத்தில் வரைந்த மீன் மீசை. வாய் விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாயிற்று என்று லனெட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. ராய்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். உயிர் திரும்பி வந்தது போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து டின்ஸ்லி இந்தப் பக்கம் திரும்பினாள். அம்மாவைப் பார்த்தாள். பச்சை நாடா சுற்றிய கூடையைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அணைந்தது. தோளிலிருந்து சறுக்கி இறங்கி, புறங்கையால் மீசையை அழுந்தத் துடைத்துக்கொண்டே வந்தாள். துடைக்கத் துடைக்கக் கன்னமெல்லாம் மஞ்சளானது.

"சாரிம்மா" என்றாள், வந்ததும் வராததுமாக. "நான் ரெண்டையும் எழுதிட்டேன். உன்கிட்ட சரின்னு சொல்லிட்டு எழுதிட்டேன். மொதல்ல உன் வீட்டைத்தாம்மா எழுதினேன், சத்தியமா. அவங்களுக்கு என்னைப் பிடிக்கல. உன் பேரைக் கெடுத்துட்டேன்."

அழுதாள். மஞ்சள் சட்டையின் கழுத்தை இழுத்துக் கண்ணைத் துடைத்தாள். காலையிலிருந்து, சொல் மீறி எழுதியதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் போனை எடுக்கவில்லையாம்.

ராய்ஸ் மகளின் தலையைத் தடவினான். "உங்கம்மா கோவிச்சுக்க மாட்டா கண்ணு. அவளுக்கு ரொம்பப் பெரிய மனசு" என்றான்.

"பரவாயில்ல" என்று லனெட்டின் வாய் சொல்லிவிட்டது. "பரவாயில்லடா."

"தேங்க்ஸ்மா" என்று டின்ஸ்லி அவளைக் கட்டிக்கொண்டாள். அந்த நன்றியைத் தாங்குவதைவிடச் செருப்பால் அடி வாங்கியிருக்கலாம். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் மன்னித்துவிட்டு நிற்கிறாள். இப்படியே விட்டால் ஆயுள் முழுக்க இந்தப் பிள்ளை, சொல் பேச்சு மீறியும் தன்னைப் பொறுத்துக்கொண்ட அம்மா என்று சொல்லிக்கொண்டு திரிவாள். லனெட் மகளைத் தள்ளி நிறுத்தினாள்.

"நேத்து மத்தியானம் கோரின் போன் பண்ணா" என்றாள். "நம்ம வீட்ல இடம் கஷ்டம், ரெண்டையும் எழுதச் சொல்லுன்னா. நீ எழுதறதுக்கு ரொம்ப நேரம் முன்னாடியே. நான் உனக்குச் சொல்லல."

"மறந்துட்டியா?"

"மறக்கல."

ராய்ஸ் கடலைப் பையைக் கீழே வைத்தான். கும்பலில் பாட்டு மாறியது. டின்ஸ்லி தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்குப் போடுகிறாள் என்று லனெட்டுக்குப் புரிந்தது. சொன்ன பேச்சைக் கேட்டிருந்தால் இப்போது நான் எங்கே இருப்பேன் என்கிற கணக்கு. அந்தப் பிள்ளை போட்டு முடித்தது கண்ணில் தெரிந்தது.

"உன்கிட்ட பொய் சொல்லிட்டோமேன்னு நான் ராத்திரி பூரா தூங்கலம்மா" என்றாள் டின்ஸ்லி. "நீ தூங்கினியா?"

இல்லை என்று சொல்வது சுலபம். யாருக்கும் தெரியப் போவதில்லை, ராய்ஸ் குளத்து வேலை அலுப்பில் மரக்கட்டையாகக் கிடந்தான். இரண்டு நாளில் போதுமான அளவு பொய் சொல்லியாகிவிட்டது.

"தூங்கினேன்" என்றாள் லனெட்.

டின்ஸ்லி தலையை ஆட்டினாள். சட்டைப் பையிலிருந்து இரண்டு மஞ்சள் நாடாக்களை எடுத்தாள். மஞ்சள் வீட்டு வழக்கம் அது, புதுப் பெண் தன் அப்பா அம்மாவுக்குக் கையில் நாடா கட்டிவிட்டு உள்ளே அழைத்துப்போய்ப் படம் எடுத்துக்கொள்வாள். இரண்டையும் முதலிலேயே எடுத்து வைத்திருக்கிறாள். அப்பாவின் தடித்த மணிக்கட்டில் ஒன்றைச் சுற்றி இரட்டை முடிச்சாக, நிதானமாகக் கட்டினாள். மற்றதை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீயே கட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கும்பலை நோக்கி நடந்தாள். ராய்ஸ் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் லனெட் சமாளித்திருப்பாள். அவன் அவளைப் புதிதாகப் பார்ப்பவன் போலப் பார்த்தான்.

லனெட் கூடையைப் புல்லில் வைத்தாள். நாடாவை இடது மணிக்கட்டில் போட்டு வலது கையால் சுற்றினாள், வழுக்கி விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி சுற்றினாள். காலையில் கூடைக்கு அத்தனை அழகாக முடிச்சுப் போட்ட கைதான், தன் கைக்குப் போட வரவில்லை. கடைசியில் ஒரு நுனியைப் பல்லால் கவ்விக்கொண்டு மறு நுனியை இழுத்தாள். வெள்ளை உடை போட்ட பெரிய மனுஷி நாடாவைக் கடித்துக்கொண்டு நிற்பதை நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வாசல் படியில் பெண்களும் பெற்றோரும் படத்துக்கு நின்றுவிட்டார்கள். எல்லாரும் வந்தாச்சா என்று காமிராக்காரப் பெண் சத்தமாகக் கேட்டாள். வந்தாச்சு என்று பல குரல்கள் கேட்டன. டின்ஸ்லி இரண்டாவது படியில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள், மறு பக்கம் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. அவள் லனெட்டைப் பார்க்கவில்லை, காமிராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் டின்ஸ்லி. "எங்கம்மா இன்னும் கட்டி முடிக்கல."